இந்திப் படத்துக்கு ஆறு டிக்கெட்

விளக்கு அணைந்துவிட்டது. இனி மூன்று மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள், அதுவே நிம்மதியாக இருக்கிறது. வரிசையின் இந்தக் கோடியில் நான், பக்கத்தில் நிகம், அடுத்து அவர் மனைவி குசும், அப்புறம் அவர்கள் பையன் விபின், அவனுக்கு அடுத்து என் மகள் இளவெயினி, அந்தக் கோடியில் என் மனைவி சுலோசனா. யார் எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை, தானாக அமைந்த மாதிரி அமைந்துவிட்டது. நிகமுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு கைப்பிடி. அதில் அவர் முழங்கையை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை, காலியாக இருக்கிறது. மூன்று நாளாக எல்லாமே இப்படித்தான், வாசற்படியில் நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று இரண்டு பேரும் நின்றுகொண்டே இருக்கிறோம். கான்பூரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களுக்கு மயிலாப்பூர் காட்டியாகிவிட்டது, கடற்கரை காட்டியாகிவிட்டது, மகாபலிபுரத்தில் வெயிலில் நின்று போட்டோ எடுத்தாகிவிட்டது. நேற்றுச் சாப்பிடும்போது குசும் அம்மாள் ஏதோ கேட்டாள், விபின் அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள் சுலோசனா, ஓடுதே, மவுண்ட் ரோடிலேயே ஓடுதே என்றாள். படம் என்ற சொல்லை அவள் எந்த மொழியிலும் பிடித்துவிடுவாள். நாளைக் காலையில் அவர்களுக்கு ரயில். அதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுலோசனா முதல் நாளே சரி என்றுவிட்டாள், ஆனால் அது கணக்கில் வராது என்று அவளே இன்று காலை அடுக்களையில் சொன்னாள். "உங்க வாயிலருந்து வந்தாத்தான் அது பேச்சு. வேணாம்னாலும் சொல்லிடுங்க. பாவம், அந்த மனுஷன் மூணு நாளா உங்க முகத்தையே பாத்துக்கிட்டிருக்காரு." நான் தோசையைப் பிட்டுக்கொண்டே இருந்தேன். இளவெயினி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரையில் ஒரு வீடு. வீடு என்றா சொல்வது, ரயில்வே ஸ்டேஷன் அளவுக்கு ஒரு கூடம், அதன் நடுவில் அரண்மனைப் படிக்கட்டு, படிக்கட்டின் மேலே தாய் பூஜைத் தட்டோடு நிற்கிறாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரியும். பிள்ளை வெளிநாட்டிலிருந்து வருகிறான், இன்று வருகிறான், வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதற்கு எதற்கு மொழி. முப்பது வருஷமாக ரயில்வே மெயிலில் தபால் பிரிக்கிறேன், இந்தி எழுத்தில் ஊர்ப் பெயர்கள் மட்டும் படிப்பேன், லக்னோ, ஜான்சி, அலகாபாத், கான்பூர். கான்பூர்ப் பைகளை எத்தனை ஆயிரம் தடவை தூக்கிப் போட்டிருப்பேன், அந்த ஊரில் என் பெண்ணுக்கு ஒரு மாமியார் இருப்பாள் என்று நினைத்தேனா. பிள்ளை வந்துவிட்டான். தாய் தட்டைச் சுற்றுகிறாள். வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள், குசும் அம்மாள், இல்லை அந்தக் கோடியில் சுலோசனா, இரண்டு பேருமே. இந்தப் படங்களின் சூட்சுமம் இதுதான் என்று நினைக்கிறேன், வெட்கப்படாமல் அழ விடுகிறார்கள். வாழ்க்கையில் எந்தத் தாயும் படிக்கட்டில் நின்று இப்படி முழுசாகச் சந்தோஷப்பட்டதில்லை, சந்தோஷத்திலும் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரு கண் இருக்கும். இங்கே பால் பொங்காது. இங்கே கோபம் வந்தால் இடி இடிக்கும், காதல் வந்தால் பனிமலை வரும், நாயகி பாட்டு முடிவதற்குள் ஆறு புடவை மாற்றுவாள், எந்தப் பெட்டியிலிருந்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். மனசுக்குள் நாம் அப்படித்தானே இருக்கிறோம், வெளியில்தான் தோசையைப் பிட்டுக்கொண்டிருக்கிறோம். பாட்டு வந்துவிட்டது. நூறு பேர் ஆடுகிறார்கள், தாளம் நாற்காலி வழியாக முதுகில் ஏறுகிறது. நிகம் மட்டும் பின்னால் சாய்ந்திருந்தவர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் நாயகியைப் பார்க்கவில்லை, நாயகனையும் பார்க்கவில்லை. அவர் தலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், திரையின் பின்வரிசை ஓரமாக, மெதுவாக நகர்கிறது, முகவரி படிக்கிறவன் மாதிரி. பாட்டு முடிந்ததும் பழையபடி சாய்ந்துகொண்டார். எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

விபின் குனிந்து இளவெயினியிடம் ஏதோ சொல்கிறான், அவள் சிரிக்கிறாள். குசும் அம்மாள் அவளை இலா என்று கூப்பிடுகிறாள். முதல் நாள் முழுப் பெயரையும் சொல்லிப் பார்த்தாள், மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து உதிர்ந்தது, கடைசியில் இலா மிஞ்சியது. இளவெயினி, குறமகள் இளவெயினி, சங்கத்தில் பாடிய பெண், அந்தப் பெயரை வைப்பதற்காக என் அப்பாவோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தேன். அவர் ஒரு சாமி பெயர் சொன்னார், வடமொழிப் பெயர் என் வீட்டில் கிடையாது என்றேன். பையனிடம் குறை ஒன்றும் இல்லை. கையால் பிசைந்து சாப்பிடுகிறான், ரசம் இரண்டாம் முறை கேட்டான், என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறான். குறை பையனிடம் இல்லை, அப்படியானால் எங்கே இருக்கிறது, இந்த இடத்தில்தான் மூன்று நாளாக வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். பின்னாளில், இரண்டு பேரும் வேலை பார்க்கிற புனேயில் ஒரு குழந்தை பிறக்கும், தாத்தா என்று சொல்லுமா, வேறு ஏதாவது சொல்லுமா. அதுகூட இல்லை. மாசிலாமணி. சரி, பெயரைச் சொல்லியாகிவிட்டது. எனக்குப் பதினெட்டு வயது, அறுபத்தைந்து, ஜனவரிக் குளிர், எங்கள் ஊர் ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியது நானும் மாசிலாமணியும். ஏணியைப் பிடித்தது நான், ஏறியது அவன். தார் அவன் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. போலீஸ் வந்தபோது நான் ஏணியை விட்டுவிட்டு ஓடினேன் என்று யாரும் சொல்ல முடியாது, அவன் குதித்த பிறகுதான் ஓடினேன், அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன், அவன் கால் தரையில் பட்டதைப் பார்த்தேன். ஆனால் நான் வேகமாக ஓடுகிறவன். தடி அவன் இடது காதின் மேல் விழுந்தது. அன்றைக்குப் போன காதுதான். ஆஸ்பத்திரிக்கு நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிப்போனேன், அவன் கட்டோடு உட்கார்ந்து சுளை சுளையாகத் தின்றான், எழுத்து மறைஞ்சுதாடா என்று கேட்டான். மறைஞ்சுது என்றேன்.

ஆறு வருஷம் கழித்து நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தேன், வேலை கிடைத்திருந்தது, கல்யாணம் ஆகவில்லை. அறையில் இன்னும் மூன்று பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், வாடா, குளுகுளுன்னு இருக்கும், தூங்கிட்டு வரலாம் என்றார்கள். நான் தூங்கவில்லை. அந்தப் படத்தில் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒருவன் பாடினான், அவன் காதலித்த பெண் வேறொருவன் கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கிறாள், அவள் நிச்சயதார்த்தம் அது, அதற்குத்தான் அவன் பாடுகிறான். ஒரு சொல் எனக்குத் தெரியாது. தெரியாததால்தானோ என்னவோ நேராக உள்ளே இறங்கியது, நடுவில் நிறுத்திச் சரி தப்பு பார்க்க ஒரு சொல்லும் இல்லை. பதினொரு தடவை பார்த்தேன். மேன்ஷனில் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனேன், பகல் காட்சிக்கு, நைட் டூட்டி முடிந்த கண்ணோடு. சென்னையில் அந்தப் படம் மாதக்கணக்கில் ஓடியது, பார்த்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத் தார் பூசியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள், நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வெளியே வருவோம். சட்டத்தை எதிர்த்தோம், பாட்டை எதிர்க்கவில்லை என்று எனக்கு நானே ஒரு வாசகம் செய்துவைத்திருந்தேன். நல்ல வாசகம்தான், அதில் தப்பும் இல்லை, ஆனால் அதை மாசிலாமணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினொன்றாவது தடவை வெளியே வந்தபோது அவன் வாசலில் நின்றான். பக்கத்து அச்சகத்தில் புரூப் பார்க்கச் சேர்ந்திருந்தானாம், டீ குடிக்க வந்தவன். என்னைப் பார்த்தான், தலைக்கு மேலே இருந்த பெரிய பேனரைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நின்றேன். அவன் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான், "பாட்டு நல்லாருக்கா? இந்தப் படத்துல பாட்டு நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒரு பக்கந்தானே கேக்கும். ரெண்டு பக்கமும் கேட்டா எப்படிடா இருக்கும்?"  பஸ் வருது என்று சொல்லி ஓடினேன். பஸ் வரவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவே இல்லை, பார்க்காமல் பார்த்துக்கொண்டேன். ஓட்டேரியில் இருக்கிறான் என்று தெரியும். இந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தால் முதலில் எழுத வேண்டிய பெயர் அவனுடையது. மாப்பிள்ளை பெயர், ஊர், கான்பூர். அதைப் படிக்கும்போது அவன் முகம் எப்படிப் போகும், அதுதான், இவ்வளவு சுற்றியும் அதுதான்.

இடைவேளை என்று திரையில் விழுந்தது, விளக்கு எரிந்தது, கண் கூசுகிறது. பெண்களும் விபினும் ஐஸ்கிரீம் வாங்கக் கீழே போனார்கள். நிகம் எழுந்திருக்கவில்லை, ஆகவே நானும் எழுந்திருக்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, படம் பிடிக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது அந்த ஆபீஸ் ஆங்கிலம்தான், அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நான் தபால் பிரிக்கிறவன்.  இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தியேட்டருக்குள் வருகிறேன் என்றார். குசும் தன் தங்கையோடு போவாளாம், இவர் போக மாட்டாராம். கணக்கு வாத்தியார், கண்டிப்பானவர், பிடிக்காதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார், என்னிடம் சொல்கிறாரா என்பதுகூடத் தெரியாத குரலில். அவருக்கு ஒரு தம்பி, பிரபாத். பத்தொன்பது வயதில், அறுபத்தாறில், வீட்டில் சொல்லாமல் பம்பாய்க்கு ரயில் ஏறியவன். சினிமாவில் நடிக்க. பார்க்க அழகாக இருப்பான், ஆனால் கான்பூரில் அழகாக இருந்த எல்லாப் பையன்களும் ரயில் ஏறிய காலம் அது என்றார். ஒரே ஒரு கடிதம் வந்தது. ஒரு படத்தில் நான் இருக்கிறேன், நாயகன் பியானோ வாசித்துப் பாடும் விருந்துக் காட்சியில், பின்னால், வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கையில் கிளாஸ் வைத்துக்கொண்டு, பாருங்கள் என்று எழுதியிருந்தான். படத்தின் பெயரை எழுத மறந்துவிட்டான். அப்பா அவன் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். ஆகவே அம்மா, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இவரைக் கூட்டிக்கொண்டு, பியானோ வரும் ஒவ்வொரு படத்துக்கும் போனாள். "அந்தக் காலத்தில் எல்லாப் படத்திலும் பியானோ வரும்," என்றார் நிகம். லேசாகச் சிரித்தார். ஒவ்வொரு படத்திலும் அம்மா யாரையாவது காட்டி இவன்தான் என்பாளாம். இவருக்குத் தெரியும், இல்லை என்று. ஆமாம் என்பாராம். எழுபத்து மூன்றில் அம்மா போய்விட்டாள். அப்புறம் தியேட்டருக்குப் போக இவருக்கு ஒரு காரணமும் இல்லை, போகாமல் இருக்கத்தான் காரணம் இருந்தது.  நான் பதினொரு தடவை பார்த்த அந்தப் பியானோ. அதன் பின்னால் யார் யார் நின்றார்கள், வெள்ளைக் கோட்டு ஒன்று இருந்ததா, இருந்திருக்கும், நாலைந்து இருந்திருக்கும், நான் பாடுகிறவனை மட்டுமே பார்த்தேன். அதை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லி என்ன ஆகப்போகிறது. தம்பி எப்படி இருப்பான் என்று மட்டும் கேட்டேன். காது பெரிசு, வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, நிற்கும்போது ஒரு காலில் சாய்ந்து நிற்பான். நல்லது, என்றேன், மூன்று அடையாளம் போதும். தபால் பிரிக்கிறவனுக்கு இதைவிடக் குறைவான அடையாளத்தோடு கடிதங்கள் வரும். அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

விளக்கு மறுபடி அணைந்தது. கதை வேகமாகக் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளை காதலித்த பெண் அப்பாவின் பகையாளி மகள் என்று தெரிந்துவிட்டது, தாய் படிக்கட்டில் இறங்கி வருகிறாள், தந்தை கையை நீட்டி வாசலைக் காட்டுகிறார். நான் யாரையும் பார்க்கவில்லை. தந்தைக்குப் பின்னால் வேலைக்காரர்கள் நிற்கிறார்கள், உறவினர்கள் நிற்கிறார்கள், அவர்களைப் பார்க்கிறேன். எவ்வளவு பேர். இத்தனை வருஷம் படம் பார்த்தும் இவர்களை நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி கண்ணைத் துடைப்பது போலத் துடைக்கிறாள், ஆனால் கேமரா தன் மேல் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறாள். ஒரு கிழவர் எல்லாக் காட்சியிலும் அதே இடத்தில் அதே மாதிரி தலையாட்டுகிறார். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஊரிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் அம்மா, எங்கேயோ ஒரு தியேட்டரில். நிகம் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார், நானும். கல்யாணக் காட்சி, நாயகிக்கு வேறொருவனோடு, இருநூறு பேர் கூட்டம், விளக்கு, சாமந்தி. இடமிருந்து வலம் போகிறேன், பின்வரிசை, நடுவரிசை. தூணுக்குப் பக்கத்தில் ஒரு பையன், ஒரு காலில் சாய்ந்து நிற்கிறான், காது பெரிசு.  நிகமின் மணிக்கட்டைப் பிடித்து, தூணுக்குப் பக்கத்தில், பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார், காட்சி மாறிய பிறகும். அப்புறம் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார், "அவன் சின்னப் பையன். பிரபாத்துக்கு இப்போது உங்கள் வயது இருக்கும்." திரை வெளிச்சத்தில் என் நரைத்த கிருதாவை அவர் பார்ப்பது தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து, "நானும் முதல் பாட்டிலிருந்து சின்னப் பையனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்," என்றார்.

உங்கள் வயது. ஐம்பத்தொன்று. மாசிலாமணிக்கும் ஐம்பத்தொன்று. தியேட்டர் வாசலில் இருபத்து நாலு வயதுக்காரன் ஒருவனை நிற்கவைத்துவிட்டு வந்தேன், இன்றைக்கு வரைக்கும் அவனை அங்கேயே நிற்கவைத்திருக்கிறேன், தலைமுடி நரைக்காமல், அதே சட்டையில், அந்தக் கேள்வியோடு. அவனுக்கும் பெண் இருக்கும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், யாரோடு என்று எனக்கு என்ன தெரியும். அந்தக் கேள்வி. அதை நான் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி வாங்கிக்கொண்டேன். பாட்டு நல்லாருக்கா என்று கேட்டான், அவ்வளவுதான். கேட்க முடியாமல் ஒரு காதோடு நின்றவன், கேட்டவனிடம் கேட்டான். குத்திக் காட்டவில்லை. ஒருவேளை குத்திக் காட்டினானோ, இல்லை, அவன் முகம் அப்படி இல்லை, காதைத் திருப்பிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான். நல்லா இருக்குடா, வா, இந்தப் பக்கமா உட்காரு, நான் டிக்கெட் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் வந்திருப்பான். பத்திரிகையைத் தபாலில் போடக் கூடாது. ஓட்டேரிக்கு நானே போக வேண்டும், சுலோசனாவையும் அழைத்துக்கொண்டு. கோபப்பட்டால் படட்டும், அவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொள்கிறேன். வந்தாலும் வரலாம். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் அது எவ்வளவு பெரிது என்று இப்போது தெரிகிறது, ஓட்டேரி வீடு ஒன்றின் கதவு அளவுக்குத்தான் இருக்கிறது.

திரையில் துப்பாக்கி வெடித்தது. தாய் குறுக்கே விழுந்துவிட்டாள், பிள்ளைக்கு வந்ததைத் தான் வாங்கிக்கொண்டாள். தியேட்டர் முழுக்க ஒரு மூச்சு நின்றது. இந்த நேரத்தில் சொல்லக் கூடாது என்று தெரிந்தும் எனக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் வெளியே வந்து டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய்க் காபி குடித்து, மறுபடி தோசையைப் பிட்டுக்கொண்டிருப்பேன். ஆங்கிலத்தில் தேடினேன். ஆட்சேபணை இல்லை என்று ஆபீஸ் காகிதத்தில் எழுதும் வாக்கியம்தான் வந்தது, பெண்ணைக் கொடுக்கிறவன் பேசுகிற வார்த்தையா அது. இசைவு. வாழ்நாள் முழுக்க இந்த இடத்தில் நான் எழுதுவது அந்தச் சொல்தான். நல்ல சொல், ஆனால் இசைவு என்றால் நிகமுக்கு என்ன தெரியும், விபினைக் கேட்பார், விபின் இளவெயினியைக் கேட்பான். நான் நிகம் பக்கம் குனிந்தேன். என் நாக்கிலிருந்து முப்பது வருஷத்துக்கு முன் வடமொழி என்று நானே துரத்திவிட்ட ஒரு சொல் வந்தது.

"சம்மதம்," என்றேன்.

அவர் திரும்பினார். "சம்மதி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். இருட்டில் தெரியுமோ தெரியாதோ என்று இன்னொரு முறையும் ஆட்டினேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பு மாதிரி ஏதோ கிடைக்குமா என்று தேடி, கடைசியில் சட்டை முனையால் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் குசும் அம்மாள் காதில் குனிந்து ஏதோ சொன்னார், இந்தியில். அவள் கை வாயைப் பொத்தியது. அவள் விபினிடம் சொன்னாள், அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், இளவெயினி பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் சொல்லியிருப்பான், அவள் அசையவே இல்லை, கேட்டாளா என்றே சந்தேகம் வந்தது, வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் மெதுவாகத் தன் அம்மாவின் தோளில் தலையை வைத்துத் தமிழில் சொன்னாள். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல் நாலு பேரைக் கடந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுலோசனா முன்னால் குனிந்து, நாலு தலைகளுக்கு அப்பால், என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் நனைந்திருந்தது, எதற்கு அழுதது என்று பிரிக்க முடியாதபடி. ஒரு நிமிஷம்தான். திரையில் அந்தத் தாய் இன்னும் கண் திறக்கவில்லை, ஆகவே அவள் மறுபடி திரும்பிக்கொண்டாள்.